ஒரே ஒரு தெர்மாகோல் கப்

வரிசையாக எவர்சில்வர் தம்ளர்கள், ஓரத்தில் ஒரே ஒரு தெர்மாகோல் கப். அமெரிக்காவில், பிஸ்கட்டவே என்ற ஊரில் ஒரு சர்ச் பேஸ்மென்ட்டை வாடகைக்கு எடுத்து நடந்த சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், காபி மேசை இப்படித்தான் இருக்கும். அந்தக் கப், கதவைத் திறந்து ஹீட்டர் போட்டு நாற்காலி அடுக்கித் தரும் கறுப்பினப் பெரியவருக்கு. ஏற்பாடு, வகுப்பை நடத்திய பிரின்சிபால் அங்கிளுடையது. பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். எனக்கு அவரை அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது.

நான் அப்போது முதுகலை மாணவி; சனிக்கிழமைகளில் அங்கே பாடம் எடுத்தேன். எதைப் படித்தாலும் சூடு ஆறுவதற்குள் யாருக்காவது சொல்லியாக வேண்டும். தொண்ணூறுகளின் பிற்பாதியில் ஒரு பிப்ரவரி; இங்கே அது கறுப்பின வரலாற்று மாதம். பாடப் புத்தகத்து மயிலையும் மாம்பழத்தையும் மூடிவைத்துவிட்டு, அலபாமாவில் பஸ்ஸில் வெள்ளையருக்கு எழுந்து இடம் தர மறுத்த கறுப்பர்களின் கதையைத் தமிழில் சொன்னேன். வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்றிருந்த தண்ணீர்க் குழாய்களைப் பலகையில் வரைந்தேன். அந்தப் போராட்ட அலையில் குடியேற்றச் சட்டமும் மாறியதால்தான் உங்கள் அப்பா அம்மா இங்கே வர முடிந்தது என்றேன்.

இடைவேளையில் அங்கிளின் மகளே மேசைமுன் வந்து நின்றாள். எட்டு வயதிருக்கும். "ஒய் டஸ் ஹி கெட் எ டிஃபரன்ட் கப், அப்பா? அந்தக் குழாய் மாதிரியா?"

"அவங்களுக்கு அதுதான் வசதி கண்ணு. போய் உக்காரு."

அவள் போகவில்லை. பெரியவருக்குக் கொடுக்க ஒரு எவர்சில்வர் தம்ளரை எடுத்தாள். அங்கிள் அதை மெதுவாக வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏனுங்கம்மா, தமிழ் சொல்லித்தரக் கூப்பிட்டா ஊர் வம்பை இழுத்துட்டு வர்றீங்க. அவங்க கதைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? நாம படிச்சு வந்தவங்க."

"குழாய் அலபாமாவுல இருந்தது அங்கிள். ரெட்டை தம்ளர் உங்க ஊர் டீக்கடையில இருந்தது. அதுக்கும் விசா வாங்கிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

சுற்றி நின்ற பெற்றோர் காபியை ஊதிக் குடித்தார்கள்.

"அடுத்த வாரத்துலருந்து நீங்க வர வேண்டாமுங்க," என்றார். குரல் உயரவே இல்லை. அந்த மரியாதைதான் இன்றைக்கும் எனக்கு எரிகிறது. என் வகுப்பில் மறுவாரம் மயிலும் மாம்பழமும் திரும்பி வந்தன.

போன மாதம் பக்கத்து ஊரான எடிசனில் ஒரு டிபன் கடையில் அவரைப் பார்த்தேன். அங்கே எல்லோருக்கும் தெர்மாகோல் கப்தான். அதில்தான் அவரும் உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"நல்லாருக்கீங்களாம்மா? இன்னும் கோவந்தானா?" என்று சிரித்தார்.

"ஆமா அங்கிள்."

பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து இடம் ஒதுக்கினார். நான் என் கப்பை வாங்கி, நின்றபடியே குடித்தேன்.