தலைகீழ்க் குடை

ஜெயக்கொடியின் வலது கைக்குக் கொழுப்பு அதிகம். வேலை கொடுத்தால் சமர்த்தாக இருக்கும்; சும்மா விட்டால் ஆடும். தாம்பரம் ஏற்றுமதிப் பேட்டையில், கடுகளவு எல்.இ.டி. விளக்குக்குள் தலைமுடி மாதிரி தங்கக் கம்பியை ஒட்டும்போது அது அசையவே அசையாது. டீ குடிக்கும்போதுதான் டம்ளர் தாளம் போடும்.

சூப்பர்வைசர் தோத்தாத்ரி கண்ணில் பட்டது டம்ளர்தான்.

"ஏம்மா, கார்த்தாலயே ஏத்திண்டு வந்துட்டியா?" என்றார், எல்லோர் காதிலும் விழும்படி. அன்றைக்கே வேலை போயிற்று.

வெளியே போகையில் கேட்டருகே அவள் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தாலும் வரவில்லை.

"சிலை வெச்சாச்சு! யாராவது மாலை வாங்கிண்டு வாங்கோ!" என்றார் தோத்தாத்ரி.

ஷெட்டே சிரித்தது. பக்கத்து சீட் கன்னியம்மா மட்டும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியாஸ்பத்திரி டாக்டர் அதற்குப் பார்க்கின்சன் என்று பேர் சொன்னார். தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து நடக்கச் சொன்னார். மக்கர் பண்ணிய கால் கோட்டை மட்டும் ஜம்மென்று தாண்டியது!

"ஆராய்ச்சியில கண்டுபிடிச்சதும்மா. எதிர்ல கோடு தெரிஞ்சா கால் தாண்டிடும்."

ஜெயக்கொடி மாத்திரையை விழுங்கினாள். நோயை மன்னித்தாள். தோத்தாத்ரியை மன்னிக்கவில்லை.

"ஆயுத பூசைக்கு அந்த கேட்டு வழியாவே நடந்து போறேன் பாரு" என்றாள் கன்னியம்மாவிடம்.

"மறுபடி நின்னுகினா மானம் பூடும்க்கா."

"கோட்டைக் கையோட தூக்கினு போவேன்டி."

மங்கல் என்று கம்பெனி குப்பையில் போட்ட சிவப்பு விளக்குகளைக் கன்னியம்மா பொறுக்கிவந்தாள். ஜெயக்கொடி அவற்றைக் குடையின் வளைந்த பிடியில் வரிசையாகக் கட்டி, பேட்டரியும் சுவிட்சும் வைத்தாள்.

பூஜையன்று சாயங்காலம், பழைய ஆட்களுக்கும் கேட் திறந்திருந்தது. அவள் வந்தாள். அதே இடத்தில் கால் நின்றது.

"சிலை வந்துடுத்துடா!" என்றார் தோத்தாத்ரி, வெள்ளைப் பேண்டில் பளிச்சென்று.

ஜெயக்கொடி குடையைத் தலைகீழாகப் பிடித்து சுவிட்சை அழுத்தினாள். காலடியில் பிடி சிவப்புக் கோடாக எரிந்தது. தாண்டினாள். குடையை நகர்த்தினாள். மறுபடி தாண்டினாள். முதலில் சிரித்தவர்கள் அவள் தன் பழைய மெஷின் வரை வருவதற்குள் அடங்கிப்போனார்கள்.

பூஜை செய்த தோத்தாத்ரிக்கு ஆரத்தி சுற்றத் தட்டோடு நின்றிருந்தாள் கன்னியம்மா.

"குடுடி."

விளிம்பு வரை செந்தண்ணீர். ஜெயக்கொடி குடையைச் சாய்த்து வைத்துவிட்டு, தோத்தாத்ரிக்கு நிதானமாக மூன்று சுற்று சுற்றினாள். பிறகு தட்டு அப்படியே வெள்ளைப் பேண்டில் கவிழ்ந்தது.

"ஐயையோ! கை நடுங்குது சார்!"

இந்தத் தடவையும் ஷெட்டே சிரித்தது.

பஸ் ஸ்டாப்பில் கன்னியம்மா கிசுகிசுத்தாள்: "அக்கா, மூணு சுத்துலயும் ஒரு சொட்டு சிந்தலியே?"

"வேலை குடுத்தா அது சமர்த்துடி."

இப்போது அந்தக் கைக்கு வேலையில்லை. பிரசாதப் பொரி விரலிடுக்கில் உதிர்ந்துகொண்டே இருந்தது. கன்னியம்மா கீழே தன் முந்தானையை ஏந்தினாள்.