ராகிக் கொல்லையில் என் மொச்சை

வெள்ளைக்காரன் போன மறு வருஷம், ஆவணி மாசம், எங்கள் ராகிக் கொல்லையில் களைக்கு மருந்தடிக்க ஒரு ஆபீசர் வந்தார். பயிரை விட்டுவிட்டுக் களையை மட்டும் கொல்லுமாம். எது பயிர், எது களை என்று பிரித்துப் பார்க்க அதற்குக் கண்ணா இருக்கிறது?

"ஏங்க, ஒருத்தன் சும்மாவே வந்து நம்ம கொல்லைக்குள்ள எறங்கறான்னா என்னமோ இருக்குதுங்க" என்றேன்.

"கவர்மெண்டு குடுக்குது. நீ சும்மா கெட புள்ளெ" என்றார் என் வீட்டுக்காரர்.

எப்படிச் சும்மா கிடப்பது? எங்கள் பக்கத்தில் ராகிக்கு நடுவே இடைவிட்டு இடைவிட்டு ஒரு சால் மொச்சை போடுவோம். ராகி ஆம்பளைகளுடையது, மொச்சை பொம்பளைகளுடையது. அதை விற்று என்ன செய்தாய் என்று எவரும் கேட்கமாட்டார்கள். அந்த வருஷம் என் மகள் கைக்குழந்தை. எனக்குப் பால் பற்றவில்லை. பங்காளி வீட்டுக்குச் சொம்பைத் தூக்கிக்கொண்டு போவேன், அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே ஊற்றுவாள். தை மாசம் மொச்சைக்காயைக் காரிமங்கலம் சந்தையில் போட்டு, ஒரு கறவை ஆடு வாங்கிவிடுவது என்று வைராக்கியமாக இருந்தேன்.

மருந்தடித்த அன்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே நின்றேன். தண்ணீரில் பொடியைக் கரைத்ததும் ஆஸ்பத்திரித் தரை மாதிரி ஒரு வாடை.

"கொழந்தையோட கிட்ட வராதீங்கம்மா" என்றார் ஆபீசர்.

கிட்ட வரக்கூடாத சரக்கையா நாங்கள் தின்கிற தானியத்தில் அடிக்கிறார்? மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டினேன். என் வீட்டுக்காரரோ மருந்தடிக்கிற பித்தளை டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு, புது மாப்பிள்ளை முறுக்கோடு அடித்துக்கொண்டு போனார்.

மறுநாளிலிருந்து ராகியைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அது பச்சையாகவே நின்றது. தும்பையும் பண்ணைக்கீரையும் கழுத்தைத் திருகிப் போட்டமாதிரி முறுக்கிக்கொண்டன. கோரைக்கு ஒன்றும் ஆகவில்லை. அட, நிஜமாகவே பிரித்துப் பார்க்கிறதே என்று நினைத்தபடி சாலோடு நடந்தேன். என் மொச்சை முழுக்க அதே மாதிரி முறுக்கிக்கொண்டு கிடந்தது.

அந்த வாரமே ஆபீசர் பார்வையிட வந்தார். வழியை மறித்துக்கொண்டேன்.

"பயிரெ வுட்டுரும்னு சொன்னீங்களே. எம் மொச்ச எங்கீங்க?"

"புல்லுசாதிப் பயிரெத்தாம்மா வுடும். அகல எலைன்னா அதுக்கு எல்லாம் ஒண்ணுதான். நான் கேட்டுத்தானே அடிச்சேன்? கொல்லையில என்ன பயிர்னேன், ராகின்னாரு. வேற ஏதாச்சும் இருக்குதான்னேன், ஒண்ணுமில்லீங்கன்னாரு."

களையோடு களையாக முளைத்து நின்ற மொச்சை நிஜமாகவே ஆபீசர் கண்ணில் படவில்லையா? அந்தச் சந்தேகம் எனக்கு இன்றுவரை உண்டு. ஆனால் என் வீட்டுக்காரர் அப்படித்தான் சொல்லியிருப்பார். எங்கள் ஊரில் எந்த ஆம்பளையைக் கேட்டாலும் கொல்லையில் ராகி என்றுதான் சொல்வான். மொச்சையைச் சேர்த்துச் சொல்லும் வழக்கமே இல்லை.

"அப்ப எம் மொச்ச என்ன, களையா?" என்று பக்கத்தில் நின்ற வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "எம் புள்ளெ வாயில மண்ணெப் போட்டுட்டீங்களே!"

எனக்கு ஆத்திரம் ஆறவேயில்லை. அந்தக் கொல்லை ராகியில் குழந்தைக்கு ஒரு வாய் கூழ்கூடக் கரைத்துக் கொடுக்கவில்லை. அறுப்பு முடிந்ததும் மனுஷன் பாதி ராகியைச் சந்தைக்கு ஏற்றிப் போய், ஒரு கருப்பு ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். கயிற்றை வாங்கிக் கட்டினேன்.

அடுத்த ஆவணியில் அதே ஆபீசர் அதே டப்பாவோடு வந்து, வரப்பில் நின்று கேட்டார்: "இந்த வருசம் என்ன பயிர்?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார், என்னைப் பார்த்தார்.

"அவளெக் கேளுங்க சார்."

"மொச்சைங்க" என்றேன். "ஊடால ராகியும் இருக்குது."