சுற்றுச்சுவர் ஏறிக் குதித்து, அத்துமீறி உள்ளே நுழைந்து

மனு எழுதிப் பிழைக்கிறவனுக்குக் கை வலிப்பதைவிடக் காது வலிப்பதுதான் அதிகம். நாள் முழுக்க அடுத்தவர் குறையைக் கேட்டுச் சம்பாதிக்கிற யாருக்கும் இதைச் சொல்ல வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு ஜெராக்ஸ் கடை வாசலில் மேஜை போட்டு இருபது வருடமாக எழுதுகிறேன். இதுவரை நான் அதிகம் எழுதிய வார்த்தை ‘அத்துமீறி’. அத்து என்றால் எல்லை. அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று மட்டும் மனுக் கொடுக்க வருகிற யாரும் சொன்னதில்லை.

புகார் என்றால் என் கைக்கு ஒரு வரி மனப்பாடம்: ‘சுற்றுச்சுவர் ஏறிக் குதித்து, அத்துமீறி உள்ளே நுழைந்து.’ பேனாவைத் தாளில் வைத்தால் போதும், அதுவே ஓடிவிடும்.

எருமை

புதுவாயல் பக்கம் நெல் போடும் பெரியவர் ஒருவர் வந்தார். பக்கத்து நிலத்துக்காரரின் எருமை அவருடைய நாற்றங்காலில் இறங்கி மேய்ந்துவிட்டது. போனில் பேசிக்கொண்டே எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். எருமை சுற்றுச்சுவர் ஏறிக் குதித்திருந்தது! தலையில் அடித்துக்கொண்டு அந்த வரியை அடிக்கப் போனேன். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இருக்கட்டும் நைனா, அடிக்காத. அப்பவாச்சும் போலீசு அந்த எருமைய பாக்க வரும்.”

மச்சான்

இரும்பு ஆலையில் வேலை செய்யும் ஒருவர், மனைவியின் அண்ணன் தன் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்துவிட்டதாக எழுதச் சொன்னார். கதவை உடைத்தாரா என்றேன். இல்லை, இவரேதான் திறந்துவிட்டாராம். மிரட்டினாரா என்றேன். அதுவும் இல்லை. வந்து பத்து நாள் ஆகிறதாம். அப்புறம் இதில் அத்துமீறல் எங்கே இருக்கிறது என்று அலுப்போடு கேட்டேன்.

“வர்றப்ப ஒழுங்காத்தான் சார் வந்தான். போவாம குந்திக்கினு கீறான் பாரு, அதுதான் சார் பேஜாரு.”

சுவர்

இனி சொல்லப்போவதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கிடங்கின் மேலாளர் வந்தார். அவர்கள் புதிதாக வாங்கிய காலி மனை வழியாகக் காலனி ஆட்கள் ரயிலடிக்குக் குறுக்கே நடக்கிறார்களாம். தடுத்த காவலாளியிடம் டேனியல் என்பவர் வாக்குவாதம் செய்தாராம். “ஸ்ட்ராங்கா எழுதுங்க” என்றார். எனக்கோ பசி நேரம். எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் டேனியலின் மனைவி எஸ்தர் பதில் மனு எழுத என்னிடமே வந்தார். டேனியல் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. வழக்கு என்று வந்துவிட்டால் கேட் பாஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். வீட்டில் அவர் சம்பளம் ஒன்றுதான். எஸ்தர் போனில் புகாரின் படத்தைக் காட்டினார். எழுதியது என் கைதான். அது அவருக்குத் தெரியாது.

“அங்க நாலு கல்லுதான் சார் நட்டுக்கீறாங்க. இல்லாத செவுத்த எங்க ஊட்டுக்காரரு எப்பிடி சார் ஏறி குதிச்சாரு?”

காவல் நிலையம்

அன்று பேனா ஓடவில்லை. வெட்கமாக இருந்தது. மேஜையைக் கடைக்காரரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எஸ்தருடன் காவல் நிலையத்துக்குக் கிளம்பினேன். வழியில் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. என்னைத் தாண்டி முன்னே வேகமாக நடந்தார்.

எஸ்.ஐ. மேலாளரையும் வரச்சொன்னார். “சுவர் இல்லை சார், அது என் கைப்பழக்கம்” என்றேன். மேலாளர் அப்போதுதான் தன் புகாரை முதல் முறையாகப் படித்தார். நடந்து போனார்கள், அவ்வளவுதான் என்று ஒப்புக்கொண்டார். வழக்குப் போடாமல் எஸ்.ஐ. புகாரைத் திருப்பிக் கொடுத்தார். டேனியலுக்கு வேலை தங்கியது. ஆனால் காலனி ஆட்கள் இனி ரயிலடிக்குச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். எல்லோரும் எழுந்தபோது எஸ்.ஐ. என்னை மட்டும் நிறுத்தினார்.

“அப்ப அந்த செவுத்த கட்டனவன் நீதானாய்யா?”

இன்னும் வாடகை வீட்டிலேயே காலம் தள்ளுகிற நான் இந்த ஊரில் சொந்தமாகக் கட்டியது அந்த ஒரு சுவர்தான், அதையும் என் கையாலேயே இடித்துவிட்டு வந்தேன்.