மணிக்கூண்டும் பதினெட்டுக் குழிகளும்

எங்கள் டிராவல்ஸ் அலுவலகத்தில் பயணத் திட்டம் போடுகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் மணிக்கூண்டு. ஆள் உயரம் என்பதற்காக மட்டுமல்ல. அவர் போடும் திட்டத்தில் 'காலை உணவு 7.40, பஸ்ஸில் ஏறுதல் 8.05, அரண்மனை வாசலில் போட்டோ 8.50' என்று இருக்கும். எங்கோ ஓர் ஊரில் பஸ் ஒரு நிமிஷம் தாமதமாகக் கிளம்பினால் இங்கே இவர் கடிகாரத்தைத் தட்டிப் பார்ப்பார். பத்தொன்பது வருஷமாக மற்றவர்களை உலகம் சுற்ற அனுப்பியவர், தான் மட்டும் அக்கா வீட்டு மாடி அறையை விட்டால் அலுவலகம், அலுவலகத்தை விட்டால் மாடி அறை என்று இருந்தார். "நான் போயிட்டா இங்க யாரும்மா பார்க்கிறது?" என்பார். யாரும் பார்க்க வேண்டாம், போய்த் தொலையுங்கள் என்று நானும் பலமுறை சொல்லியாயிற்று. டிக்கெட் போடுவது என் வேலை. பக்கத்து மேசை என்பதால் அவர் விடும் பெருமூச்செல்லாம் என் காதில்தான் விழும்.

ஒரு திங்கட்கிழமை அவர் முன்னால் ஒரு தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். கணவர் ஓய்வுபெற்ற சர்வேயர். மனைவி போன வருஷம்தான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற டீச்சர்.

"ஆறு நாள், தம்பி. எனக்கு கோல்ஃப், இவளுக்கு ஊர் சுத்திப் பார்க்கணும். ரெண்டும் கலந்து போடுங்க" என்றார் சர்வேயர்.

"அடுத்த மாசம் இவருக்கு வலது தோள்ல ஆபரேஷன்" என்றார் டீச்சரம்மா. "அதுக்கப்புறம் மட்டையைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இதுதான் கடைசி ஆட்டம். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்துல ரெண்டு பேரும் சேர்ந்து எங்கயும் போனதில்லைங்க. இவருக்கு லீவுன்னா எனக்குப் பரீட்சை, எனக்கு லீவுன்னா இவர் ஏதாவது ஒரு காட்டை அளந்துட்டு இருப்பார்."

அவர்கள் போனதும் மணிக்கூண்டு என் பக்கம் திரும்பினார். "இவங்களுக்கு இன்னொரு டூர் கிடையாதும்மா. இது சொதப்பிச்சுன்னா எனக்குச் சோறு இறங்காது."

சொதப்பல் அன்று மாலையே ஆரம்பித்தது. மனிதர் அதுவரை கோல்ஃப் பற்றி ஒரு வரி படித்தவரில்லை. பதினெட்டுக் குழிகள் என்று எங்கோ பார்த்திருக்கிறார். பார்க்க வேண்டிய இடம் பதினெட்டு என்றால் அதை நாளுக்கு மூன்றாகப் பிரிப்பதுதானே அவர் வழக்கம்? அப்படியே பிரித்துவிட்டார். 'முதல் நாள்: குழி 1, 2, 3. பிறகு அருங்காட்சியகம். இரண்டாம் நாள்: குழி 4, 5, 6. பிறகு பழைய கடைவீதி.' இப்படி ஆறு நாளுக்கும் கச்சிதமாக வந்துவிட்டதில் அவருக்கு ஏகப்பட்ட பெருமை. மைதானத்துக்குப் போன் போட்டு நாலாவது குழிக்குக் காலை எட்டே கால் மணி ஒதுக்கித் தரச் சொல்லிக் கேட்டார். அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்த சிரிப்பு என் மேசை வரை கேட்டது.

"பதினெட்டையும் ஒரே மூச்சில ஆடணுமாம்மா. நாலரை மணி நேரமாம்" என்றார், முழி பிதுங்க. "அதுவும் குறைச்சலா அடிக்கிறவன்தான் ஜெயிச்சவனாம். அப்ப வீட்டிலயே இருந்துட்டாப் போதுமே?"

எனக்கு மட்டும் என்ன தெரியும்? "பெரிய மனுஷங்க விளையாட்டு அண்ணே, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவைத்தேன்.

அந்தக் குழப்பம் தெளிவதற்குள் அடுத்தது வந்தது. எங்கள் அலுவலகத்தில் போன் செய்திகளை வரவேற்பில் இருக்கும் அக்கா துண்டுச்சீட்டில் எழுதிக் கோப்பில் செருகிவிடுவார். யார் சொன்னது என்று மட்டும் எழுதக் கூடாது. வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கேட்கவும் கூடாது. ஒருமுறை 'கணவர் சொன்னது' என்று எழுதிய சீட்டை மனைவி பார்த்துவிட்டு இங்கேயே பெரிய ரகளையாகி, முதலாளி போட்ட சட்டம் அது. கோப்பு எண் இருக்கும், செய்தி இருக்கும். அவ்வளவுதான்.

புதன்கிழமை சீட்டு: 'கோல்ஃபைக் குறைக்கவும். ஊர் பார்ப்பதை அதிகமாக்கவும்.' மணிக்கூண்டு ஒரு மைதானத்தை ரத்து செய்துவிட்டு ஓர் அரண்மனையைச் சேர்த்தார். வியாழக்கிழமை சீட்டு: 'ஊரைக் குறைக்கவும். கோல்ஃபை அதிகமாக்கவும்.' அரண்மனையை எடுத்துவிட்டு மைதானத்தின் காலில் விழுந்து பழைய நேரத்தை வாங்கினார். வெள்ளிக்கிழமை காலை: 'கோல்ஃப் அடியோடு வேண்டாம்.' அதே வெள்ளிக்கிழமை மதியம்: 'ஊர் அடியோடு வேண்டாம். கோல்ஃப் மட்டும் போதும்.'

நாலு சீட்டையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். டீயில் ஈ விழுந்து நீந்திக்கொண்டிருந்ததைக்கூட அவர் பார்க்கவில்லை.

இங்கேதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். "இதுல என்ன அண்ணே குழப்பம்? அம்மாவுக்கு கோல்ஃப் பிடிக்கல, ஐயாவுக்கு ஊர் பிடிக்கல. வீட்டுல முட்டிக்கிறாங்க. டூர் போடறதுதான் உங்க வேலை. ரெண்டா பிரிச்சு விட்டுட்டு ஆளை விடுங்கன்னு இருங்க."

பிரித்தார். தினமும் காலை ஆறே காலுக்கு சர்வேயருக்கு மைதானம் போக ஒரு கார். எட்டு மணிக்கு டீச்சரம்மாவுக்கு வழிகாட்டியோடு இன்னொரு கார். இரவு 7.30க்கு ஓட்டலில் ஒன்றாகச் சாப்பாடு. ஒரு நிமிஷம் வீணில்லை. அப்படியும் மனசு கேட்காமல், "சேர்ந்து போகணும்னுதானேம்மா வந்தாங்க?" என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். நான் டிக்கெட் போடுவதில் மும்முரமாக இருப்பதுபோல் இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை தம்பதி வந்தார்கள். திட்டத்தை இருவரும் ஒரே நேரத்தில் குனிந்து படித்தார்கள். முதலில் நிமிர்ந்தது சர்வேயர்.

"என்ன தம்பி இது? கோல்ஃப் வேண்டாம்னு நான் ரெண்டு தடவை போன் பண்ணேனே?"

"நீங்களா?" என்றார் டீச்சரம்மா. "நீங்க எதுக்கு அப்படிச் சொன்னீங்க? உங்க கடைசி ஆட்டமாச்சேன்னு, ஊரெல்லாம் வேண்டாம்னு நான்ல போன் பண்ணேன்!"

மணிக்கூண்டு என்னைப் பார்த்தார். நான் கீபோர்டைப் பார்த்தேன். பிடிக்காததை எடுக்கச் சொல்லித்தான் போன் வந்தது என்று நினைத்திருந்தோம். தங்களுக்குப் பிடித்ததையே எடுக்கச் சொல்லுவார்கள் என்று எங்கள் இருவருக்கும் ஏன் தோன்றவில்லை? அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஆகியிருக்கிறது, எனக்குமா தோன்றவில்லை? வெட்கமாக இருந்தது.

சர்வேயர் திட்டத்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "கை தூக்க முடியலம்மா. மூணு மாசமாவே முடியல. கிளப்புக்குப் போயி பெஞ்சுல உட்கார்ந்துட்டு வந்துடறேன். நீ கடைசி ஆட்டம், கடைசி ஆட்டம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருந்தே. எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

டீச்சரம்மா அவருடைய வலது கையைப் பிடித்தார். சர்வேயர் வலியில் முகம் சுளித்தார். உடனே அந்த அம்மா கையை விட்டுவிட்டு, எழுந்து சுற்றி வந்து, அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஊரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்றார். "நீங்க ஆடி நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல. அதைப் பார்க்கணும்னுதான் ஆசைப்பட்டேன். அதுவும் முடிஞ்சு போச்சா?"

வரவேற்பு அக்கா அடிக்கிற போனை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கூண்டு தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ஒரு எழவும் புரியல, சார். தப்பா இருந்தா திட்டுங்க. குழிக்குப் பக்கத்துல வந்தப்புறம் பந்தை மெதுவாத் தட்டி உள்ள தள்ளுவாங்களாமே, அதுக்கும் கையைத் தூக்கணுமா?"

சர்வேயர் வலது கையை மடியிலேயே லேசாக ஆட்டிப் பார்த்தார். "அதுக்குத் தூக்க வேண்டாம். சும்மா ஆட்டினாப் போதும்."

"அதுக்குன்னு தனியா இடம் மைதானத்திலயே இருக்குன்னு போன்ல பேசின ஆள் சொன்னார். நான்தான் புரியாம விட்டுட்டேன்."

சர்வேயர் எழுந்தார். மூலையில் யாரோ மறந்துவிட்டுப் போயிருந்த குடையை எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார். நான் என் மேசையிலிருந்த உருண்டைக் கண்ணாடி பேப்பர் வெயிட்டைத் தரையில் வைத்தேன். மணிக்கூண்டு குப்பைக்கூடையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, பத்தடி தள்ளி வாய் இவர்கள் பக்கம் இருக்கும்படி படுக்க வைத்தார். சர்வேயர் கால்களை அகட்டி நின்றார். முழங்கை உடம்பை ஒட்டியே இருந்தது. முகம் வேறு யாருடையதோபோல் மாறிவிட்டது. ஒரு தரம் கூடையைப் பார்த்தார், ஒரு தரம் உருண்டையைப் பார்த்தார், குடைப்பிடியால் மெல்லத் தட்டினார்.

உருண்டை நேராகப் போயிற்று. பிறகு தரைக்கல்லின் விரிசலில் தட்டி, திரும்பி, என் மேசைக் காலில் இடித்து நின்றது.

"அய்யோ" என்றார் மணிக்கூண்டு.

டீச்சரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்துகொண்டார். கண்ணைத் துடைத்துவிட்டு, "இன்னொரு தடவை ஆடுங்க" என்றார்.