ஓவர்லோடு

அவர் கரும்பு டிராக்டர் ஓட்டுபவர். பாகூரில் இருக்கும் என் கம்ப்யூட்டர் கடைக்குப் பென்டிரைவில் பாட்டு ஏற்ற வருவார். எதைத் தொட்டாலும் புறங்கையால்தான் தொடுவார். எஞ்சின் சூடு பார்த்துப் பழகிய கை.

ஒருநாள் அவர் வந்திருந்தபோது, கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர், புதிதாக வந்த கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வரவழைத்துத் தரும்படி என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கம்பெனியே சொல்றான்ணே, ஓவர்கிளாக் பண்ணி ஸ்பீட ஏத்திக்கலாம், சூடே ஆவாதாம்.”

அவருடைய ஸ்டுடியோ தகரக் கொட்டகை. அந்தக் கார்டு அங்கே தாங்காது என்று எனக்குத் தெரியும். அதை அவருக்குப் புரியும்படி எப்படிச் சொல்வது என்று அரை மணி நேரமாகத் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

டிராக்டர்காரர் சிரித்தார். “கம்பெனிக்காரன் ஏசி ரூம்ல ஓட்டிப் பாத்திருப்பான்பா. என் வண்டிக்குந்தான் இவ்ளோ இழுக்கும்னு எழுதிக் குட்த்தான். பங்குனி வெயில்ல கரும்பு ஏத்தினு போனா ரேடியேட்டரு கொதிக்குது. இதுவும் ஓவர்லோடுதான்.”

“ஓவர்லோடு இல்லண்ணே, ஓவர்கிளாக்” என்றார் ஸ்டுடியோக்காரர்.

“இன்னாவோ ஒண்ணு. உன் கொட்டாயில அது கொதிக்குமா, கொதிக்காதா?”

சாதாரண கார்டே போதும் என்றார் ஸ்டுடியோக்காரர். டிராக்டர்காரருக்கு டீயும் வாங்கிக் கொடுத்தார். பதினெட்டு வருடமாகக் கடை வைத்திருக்கும் என்னிடம், அது தாங்குமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

போகும்போது டிராக்டர்காரர் என் கம்ப்யூட்டர்மேல் புறங்கையை வைத்து, “உங்களுதும் சூடாத்தான் கீது” என்றார்.

இப்போது யார் அந்தக் கார்டைக் கேட்டாலும், “அது ஓவர்லோடு” என்கிறேன். உடனே புரிந்துகொண்டு சிரிக்கிறார்கள். அது யாருடைய வார்த்தை என்று மட்டும் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.