ஒன்பதாம் பிள்ளை

அன்றைக்குக் களத்தில் இருந்தவர்கள்: பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய மகனான என் அண்ணன், நெல் அளக்க வந்த அளவுக்காரர், சாக்கு பிடித்த ஆள் ஒருவர், சாட்சிக்கு என்று கூப்பிட்டு உட்காரவைத்த பக்கத்து வயல்காரர், அம்மா, அம்மாவின் இடுப்பில் தம்பி, நான். தம்பியையும் ஒரு ஆளாகச் சேர்த்தால் ஒன்பது பேர். யாரையாவது விட்டுவிட்டேனோ என்று இப்போதும் ஒருமுறை விரல் மடக்கிப் பார்த்துக்கொண்டேன். வேறு யாரும் இல்லை. அப்பா அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்பே போய்விட்டார்.

எங்கள் வயல் மானகிரிக்கு இந்தப் பக்கம், கண்மாய்க்குக் கீழே இருந்தது. எங்கள் வயல் என்று சொல்கிறேனே தவிர, அதில் எது எங்களுடையது என்று யாருக்கும் தெரியாது. அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்துக்கொள்ளவில்லை. அப்பா போனபிறகு பெரியப்பாவே உழுது, விதைத்து, அறுத்து, எங்கள் பங்கு என்று வருஷத்துக்கு எட்டு சாக்கு நெல் தருவார். அதை வீட்டில் வைத்துத் தரமாட்டார். களத்திலேயே, நாலு பேர் பார்க்க, கூவி அளந்துதான் தருவார். தம்பி பெண்டாட்டி பங்கைத் தின்றுவிட்டான் என்று ஊரில் ஒரு வாய் சொல்லிவிடக்கூடாது என்பது அவருக்கு. வருஷா வருஷம் குன்றக்குடிக்குக் காவடி எடுக்கிறவர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை.

ரேஷனில் மக்காச்சோளமும் மைதாவும் போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. காசு இருந்தாலும் அரிசி கிடைக்காது. அந்த எட்டு சாக்கு இல்லையென்றால் எங்கள் வீட்டில் அடுப்பு இல்லை. நாங்கள் குடியிருந்த ஓட்டு வீடும் பெரியப்பா விட்டுக்கொடுத்ததுதான். என் சிலேட்டும், நோட்டும், பள்ளிக்கூடத்துக்குப் போக அண்ணனின் சைக்கிளில் பின்னால் ஓர் இடமும் அவர் தயவில் வந்தவை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. சைக்கிள் ஏறினால் பள்ளிக்கூடம் வரும், அவ்வளவுதான்.

நான் அப்போது நாலாவது. கணக்கு வராத பிள்ளை என்று பெயர் வாங்கியிருந்தேன். வராது என்பதைவிட, பயம். பெரிய வாத்தியார் பிரம்போடு பக்கத்தில் வந்து நின்றால் எட்டும் ஐந்தும் எத்தனை என்பது தலையிலிருந்து வயிற்றுக்கு இறங்கிவிடும். அந்த வருஷம் அவர் உடம்பு சரியில்லாமல் நீண்ட லீவில் போனார். பதிலுக்கு வந்தவர் ஒரு சின்ன டீச்சர். பள்ளத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை தொங்கும். வந்த அன்றைக்கே பிரம்பை எடுத்துப் பரணில் போட்டுவிட்டு, ஒரு கொட்டாங்குச்சியையும் ஒரு பிடி புளியங்கொட்டையையும் மேஜைமேல் வைத்தார். பத்துக் கொட்டையை எல்லாருக்கும் காட்டுவார். கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் கொஞ்சத்தைக் கொட்டாங்குச்சிக்குள் ஒளித்துவிடுவார். வெளியே ஆறு கிடந்தால் உள்ளே நாலு. இதற்காகப் பிள்ளைகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்கள். கணக்குக்காக யாரும் முன்னால் வந்து நான் அதுவரை பார்த்ததில்லை.

அதைவிட எங்களுக்குப் பிடித்தது இன்னொன்று. அதற்குத் 'தொலைஞ்ச பிள்ளை' என்று பெயர்.

"குன்னக்குடித் திருவிழாவுக்குப் பிள்ளைக வரிசையாப் போகுதுக. நான் ஒவ்வொண்ணாக் கூப்பிடுவேன். நடுவுல ஒண்ணு தொலைஞ்சு போகும். கண்டுபிடிச்ச ஆளு எந்திரிச்சு, கையத் தட்டி, உடனே சொல்லணும். யோசிச்சுக்கிட்டு நின்னா பிள்ளையப் பிள்ளை பிடிக்கிறவன் தூக்கிட்டுப் போயிருவான்."

முதல் தடவை எங்களை எண்ணச் சொன்னபோது நாங்கள் எல்லாரும் ஒரே குரலில் "லாபம், ரெண்டு, மூணு" என்று தொடங்கினோம். எங்கள் பக்கத்தில் நெல் அளக்கிற இடத்தில் ஒன்று என்று சொல்லமாட்டார்கள், முதல் மரக்காலுக்கு லாபம் என்றுதான் பெயர். டீச்சர் சிரித்துவிட்டார். "சரி, மூத்த பிள்ளைக்கு லாபம்னே பேரு வச்சுக்குவோம்" என்றார்.

டீச்சர் வெறுமனே எண்ணமாட்டார். ஐந்து, ஆறு என்று ராகமாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சன்னல் பக்கம் திரும்பி, "யார்றா அங்குட்டு மரத்துல ஏறுறது?" என்பார். எல்லாரும் திரும்பிப் பார்ப்போம். அதற்குள் எட்டு, ஒம்பது என்று போய்விடுவார். ஏழாம் பிள்ளை தொலைந்திருக்கும். பேச்சுக்குக் காதைக் கொடுத்தவன் தோற்றான். பிறகு இரண்டிரண்டாக, மூன்று மூன்றாகப் பிள்ளைகளை அனுப்ப ஆரம்பித்தார். மூணு, ஆறு, ஒம்பது, பதினஞ்சு. தட்டு கையை. வாய்ப்பாடு அப்படித்தான் எங்களுக்குள் போனது. கண்டுபிடித்தால் ஓர் இலந்தைப்பழம்.

இந்த விளையாட்டில் என்னை யாராலும் ஜெயிக்க முடியவில்லை. அதற்குக் காரணம் புத்தி இல்லை என்று இப்போது தோன்றுகிறது. பயந்த பிள்ளைகளுக்குக் காது கூர்மை. எதுவோ தொலையப்போகிறது என்று எப்போதும் காத்துக்கொண்டேதான் இருப்பேன். அன்றும் இன்றும் அப்படித்தான்.

மாசி மாதம் அறுப்பு முடிந்து களத்தில் நெல் குவிந்தது. எங்கள் பங்கு அளக்கிற நாள் வந்தது. பெரியப்பா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வயல்காரர் அவருக்கு எதிரே பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். அம்மா வைக்கோல் போருக்குப் பக்கத்தில் தள்ளி நின்றார். கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அம்மாவுக்கு இல்லை. சொல்லவேண்டியதைப் பெரியம்மாவிடம் சொல்வார், அல்லது என்னிடம் சொல்லி அனுப்புவார். நான் நெல் குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அளவுக்காரருக்கு நல்ல குரல். ஒவ்வொரு மரக்காலையும் தூக்கிச் சாக்கில் கொட்டி முடிக்கும்வரை அந்த எண்ணையே சொல்லிக்கொண்டிருப்பார். "லாபம்… லாபம்… லாபம்… ரெண்டு… ரெண்டு…" சாக்குக்குப் பன்னிரண்டு மரக்கால். எனக்கு அது விளையாட்டைப் போலவே இருந்தது. கூடவே வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். ஆறு முடிந்தபோது பெரியப்பா, "என்னப்பா, ஒன் மக மாசமா இருக்கான்னாகளே?" என்று கேட்டார். "ஆமாங்க, சித்திரைக்குங்க" என்று சொல்லிவிட்டு அளவுக்காரர் "எட்டு… எட்டு…" என்றார்.

என் காதுதான் தப்போ என்று நினைத்தேன். இரண்டாவது சாக்கில் இன்னும் கவனமாகக் கேட்டேன். ஒன்பது முடிந்ததும் பெரியப்பா கண்மாயில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று கேட்டார். "முழங்காலுக்குக் கெடக்குங்க. பதினொண்ணு… பதினொண்ணு…" பக்கத்து வயல்காரர் பாக்கை வாயில் போட்டுக்கொண்டார். அண்ணன் எங்கேயோ பார்த்தான். மூன்றாவது சாக்கு. எட்டு முடிந்தது. "மில்லுக்காரன் இங்குட்டு வந்தானா?" என்றார் பெரியப்பா. "வரலீங்களே. பத்து… பத்து…"

நான் எழுந்து நின்று கையைத் தட்டினேன்.

"ஒம்பதாம் பிள்ளையக் காணோம்."

களமே திரும்பிப் பார்த்தது. பெரியம்மா பதறிப்போய்க் கண்மாய்க் கரைப் பக்கம் பார்த்து, "எந்தப் பிள்ளைடி? யாரு பிள்ளைடி?" என்றார்.

"எட்டுக்குப் பெறகு பத்துன்னு சொல்லிட்டாக. ஒம்பது தொலைஞ்சு போச்சு. மொதச் சாக்குல ஏழாம் பிள்ளை, ரெண்டாவதுல பத்தாம் பிள்ளை."

பக்கத்து வயல்காரர் சிரித்துவிட்டார். "அடி ஆத்தி, கணக்குப்பிள்ளைக்குப் பொறந்தவளா இருப்பா போல" என்றார். அவர் சிரிக்காமல் இருந்திருந்தால் காரியம் அதோடு போயிருக்கும் என்று பிறகு எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அம்மா போருக்குப் பக்கத்திலிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "வாய மூடு. அக்கா, பிள்ளை வெளையாட்டுல ஒளறுது. பன்னெண்டுதான், நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் பெரியம்மாவிடம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "இல்லம்மா, நீங்க பேச்சுக்குக் காதக் குடுத்திட்டீக" என்றேன்.

பெரியப்பா கோபப்படவில்லை. கட்டிலிலிருந்து எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பிள்ளை சொல்லுதுல்ல. அந்தச் சாக்க முடிச்சிட்டு, திருப்பிக் கொட்டி அளந்துருவோம்" என்றார். அளவுக்காரர் பன்னிரண்டுவரை கூவி முடித்துவிட்டு, சாக்கைக் கவிழ்த்துக் கொட்டி மறுபடியும் அளந்தார். இந்தத் தடவை யாரும் பேசவில்லை. பதினொன்றோடு நெல் தீர்ந்துபோனது. வெறும் மரக்கால் தரையில் உரசிய சத்தம் மட்டும் கேட்டது.

"பேச்சுவாக்குல விட்டுப் போயிருச்சுங்க" என்றார் அளவுக்காரர், யாரையும் பார்க்காமல்.

"மனுசன்னா விட்டுப்போறதுதான். மூணு சாக்குக்கும் ஒவ்வொரு மரக்கால் தனியாப் போடு. ஆத்தா, நீயே எண்ணிக்க" என்றார் பெரியப்பா. என் தலையில் கை வைத்துத் தடவிக்கூட விட்டார். மீதி ஐந்து சாக்கும் சரியாக வந்தன. அதுவரை பெரியப்பா வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அந்த ஊரிலேயே என்னைப்போல் சந்தோஷமான பிள்ளை இருந்திருக்காது. திங்கட்கிழமை டீச்சரிடம் சொல்லவேண்டும், எத்தனை இலந்தைப்பழம் கேட்கலாம் என்பதுதான் யோசனை.

டீச்சரிடம் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். பக்கத்தில் கூப்பிட்டு, "களத்துல எல்லார் முன்னாடியுமா சொன்னே?" என்று கேட்டார். பிறகு கையில் இருந்த புளியங்கொட்டைகளை டப்பாவில் போட்டு மூடிவிட்டார். அன்றைக்கு விளையாட்டு இல்லை.

பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடித் திறந்தபோது அண்ணனின் சைக்கிளில் எனக்கு இடமில்லை. பின்சீட்டில் தீவன மூட்டை ஏறியிருந்தது. நோட்டுக்குப் பெரியம்மாவிடம் போய் நின்றபோது, "அதான் கணக்கெல்லாம் வந்துருச்சே ஒனக்கு. இனி பள்ளிக்கூடம் எதுக்கு? நாலு ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போ" என்றார். அதில் கோபம்கூட இல்லை. பாராட்டுகிற மாதிரிதான் சொன்னார். ஆடு மேய்க்கும்போது பள்ளத்தூர் பஸ் போவதைப் பார்ப்பேன். அந்த டீச்சர் பிறகு மாற்றலாகிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த மாசியில் களத்தில் எங்களுக்கென்று யாரும் கூவி அளக்கவில்லை. நெல் களத்திலிருந்து நேராகக் காரைக்குடி மில்லுக்கு வண்டியேறிவிட்டது. எங்கள் வீட்டு வாசலில் நாலு சாக்கு இறங்கியது. அதில் எத்தனை மரக்கால் இருந்தது என்று கேட்க யாருமில்லை. கேட்டால் கோர்ட்டுக்குப் போகச் சொல்வார்கள். கோர்ட்டுக்குப் போக அம்மாவிடம் என்ன இருந்தது?

எனக்குக் கல்யாணமாகி, இரண்டு பிள்ளைகள் பெற்றபிறகு, ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருக்கும்போது அம்மா தானாகவே சொன்னார்.

"மொத வருசமே எனக்குத் தெரியும். சாக்குக்கு ஒரு மரக்கால். போனாப் போகுது, அது ஒன் பள்ளிக்கூடத்துச் செலவுன்னு நெனச்சுக்கிட்டேன். எட்டு மரக்காலுக்கு ஒன்னைப் பத்தாவது வரைக்கும் படிக்கவச்சிருப்பேன்."

முறத்தைத் தட்டிக்கொண்டு எழுந்துபோய்விட்டார்.

ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது களம் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம்.

விளக்கு வைக்கிற நேரம். தனியாகப் போட்ட அந்த மூன்று மரக்கால் நெல்லை அம்மா ஒரு பனையோலைப் பெட்டியில் எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். என்னையும் கூட்டிக்கொண்டு பெரியப்பா வீட்டுக்குப் போனார். பெரியம்மா நிலைப்படியிலேயே நின்றார்.

"இத எதுக்குத் தூக்கிட்டு வந்தே?"

"பிள்ளை தெரியாமச் சொல்லிருச்சுக்கா. நீங்களே வச்சுக்கங்க."

பெரியம்மா உள்ளே பார்த்தார். உள்ளேயிருந்து பெரியப்பாவின் குரல் மட்டும் வந்தது. "எண்ணிக் குடுத்தது குடுத்ததுதான்னு சொல்லு. இத வாங்கிக்கிட்டா ஊர்ல நாளைக்கு என்ன பேசுவாக? இனிமே அவுக கணக்கு அவுகளுக்கு, நம்ம கணக்கு நமக்குன்னு சொல்லு."

பெரியம்மா அதைத் திருப்பிச் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா பெட்டியை இறக்காமலே கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு திரும்பினோம்.

அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை என்பதில் எனக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். மூன்று மரக்காலும் எங்களுக்கே என்று ஆகிவிட்டது அல்லவா? பெரியப்பா என் கணக்கைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்றே நினைத்தேன். அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, வரும் வழியெல்லாம் பிள்ளைகளை மூன்று மூன்றாகத் திருவிழாவுக்கு அனுப்பிக்கொண்டு வந்தேன். மூணு, ஆறு, ஒம்பது. பன்னிரண்டை வேண்டுமென்றே விட்டுவிட்டு, பதினஞ்சு என்று சத்தமாகச் சொல்லி அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பெட்டி கவிந்திருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை. இன்னொரு தடவை, மெதுவாக, எளிதாகக் கண்டுபிடிக்கிற மாதிரி சொன்னேன். அதற்கும் அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அம்மாவுக்குக் கணக்கு வராது, பாவம், என்று நினைத்துக்கொண்டேன். நான் படித்துப் பெரியவளாகி, நிதானமாகச் சொல்லிக்கொடுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.