ஐந்து நிமிடம் என்று எழுதினேன்

1. கேள்வித்தாள்

சுகந்தி எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று எனக்கு வயிறு எரிந்தது. இதை மறைத்து எழுதி என்ன புண்ணியம்?

கொட்டகலையில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. ஒன்பதாம் ஆண்டு வரை நான்தான் முதலாம் பிள்ளை. ஏ.எல். பரீட்சை எழுதி அவளுக்குக் கம்பஸில் படிக்க இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. நான் பாமசிஸ்ட் ஆகி ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கொடுக்கிறேன். அவளோ சயனைட் விஷத்தைச் சட்டென்று முறிக்கிற ஊசி ஒன்றைத் தயாரிக்கும் குழுவில் பெரிய ஆள். பேப்பரில் போட்டோ வந்தது. என் வீட்டுக்காரி அதை எனக்கே நீட்டி, "ஒங்க கூடப் படிச்சவங்களாமே" என்றாள்.

சயனைட் எங்கள் பக்கம் வருவது மரவள்ளிக் கிழங்கில். கசப்புக் கிழங்கைப் பச்சையாகக் கடித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு மாற்று மருந்தை நரம்பில் மெதுவாக ஏற்ற வேண்டும். விஷம் ஏறிய பிள்ளைக்கு நரம்பே அகப்படாது. சுகந்தியின் ஊசியைத் தொடையில் நேரே குத்திவிடலாம்.

எங்கள் பெரிய டொக்டர் யாழ்ப்பாணத்தவர். "பாலா, மேடத்துக்கு ஒரு நல்ல கதிரை கொண்டு வாங்கோ" என்றார். அவள் உட்கார நான்தான் தூக்கி வந்தேன்!

"என்னா பாலா, நீ போயி தூக்கிக்கிட்டு" என்று பதறினாள் சுகந்தி. அதில் எனக்கு இன்னும் எரிந்தது.

பிறகு ஒரு தாளைக் கொடுத்தாள். "நோயாளி வாசலுக்கு வந்ததுலருந்து மருந்து ஏறுற வரைக்கும் எத்தன நிமிஷம்னு உள்ளத எழுது. லேட்டாகுற ஆஸ்பத்திரியிலதான் புது ஊசிய மொதல்ல சோதிக்கப் போறோம்."

உள்ளது இருபதுக்கு மேல். பாமசி ஒரு கோடியில், அவசரப் பிரிவு மறு கோடியில். அவள் ஊசிப் பெட்டி என் பாமசியில் வந்து உட்காரக் கூடாது என்ற ஒரே வீம்பில் ஐந்து நிமிடம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

2. பொல்பிட்டியப் பிள்ளை

அந்த ஊசி அனுமதி பெற்று வேறு ஆஸ்பத்திரிகளுக்குப் போனது. ஐந்து நிமிடம் என்று நான் எழுதியதால் எங்களுக்கு வரவில்லை. சந்தோஷப்பட்டேன், சத்தியமாக.

அதன்பிறகு ஒரு பகல் வேளை, பொல்பிட்டியப் பக்கத்திலிருந்து ஆறு வயசுப் பெண்பிள்ளையைத் தூக்கி வந்தார்கள். பச்சை மரவள்ளி. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நான் பழைய மருந்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். நர்ஸ் மிஸி பிள்ளையின் கையில் குத்திப் பார்த்தார், காலில் குத்திப் பார்த்தார். நரம்பு கிடைக்கவில்லை.

"ஏதாச்சும் செய்யுங்களேன் சாமி!" என்று தாய் என் கோட்டைப் பிடித்து உலுக்கினாள்.

மருந்து ஏறி முடிய இருபத்தாறு நிமிடம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிள்ளை பிழைத்தது. ஆனால் பேச்சு குழறிப்போய்விட்டது. இன்றைக்கும் கிளினிக்குக்கு வந்தால் தன் பெயரைச் சொல்லவே திணறுகிறது.

3. ஃபோன்

மறுநாள் சுகந்திக்கு எடுத்தேன். "நான் எழுதினது பொய். அஞ்சு நிமிஷம் இல்ல. ஒம் மேல உள்ள பொறாமையில எழுதினேன்" என்றேன்.



"பாலா, போற எடமெல்லாம் ஒன்னத்தான் சொன்னேன். எங்க ஊரு பாமசிஸ்ட் ஒருத்தன் அஞ்சு நிமிஷத்துல கொடுக்குறான், ஒங்களால முடியாதான்னு மத்தவங்கள ஏசியே இருக்கேன்டா" என்றாள். அழுகிறாள் என்று தெரிந்தது.

புதுத் தாள் அனுப்பினாள். இருபத்தாறு என்று எழுதினேன். டொக்டரிடமும் நானே போய்ச் சொன்னேன், விசாரணை நடந்தது, என் பதவி உயர்வு போனது. பெட்டி வந்தது.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கச்சிகளே, பொறாமைப்படாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவள் போட்டோவைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிகிறது. எரிந்துவிட்டுப் போகட்டும், தாளில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அந்தப் பிள்ளை வரும் நாளில் மருந்து கொடுக்க நான்தான் ஜன்னலில் நிற்கிறேன். "பேரென்ன கண்ணு?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.